மார்கழியில் ஒரே ஒரு மாலை: சபாவா, கடற்கரையா, மாட வீதியா?

சென்னையில் டிசம்பர் பாதியைத் தாண்டிவிட்டால் ஊரெல்லாம் கச்சேரி. நம் கையில் இருப்பதோ ஒன்றிரண்டு மாலைகள்தான். பிள்ளைக்கு அரையாண்டுத் தேர்வு, ஆபீசில் வருடக் கடைசி வேலை, ஊரிலிருந்து வரும் உறவினர்கள் என்று எல்லாம் போக மிஞ்சுவது அவ்வளவுதான். இசைக்காக யுனெஸ்கோவின் படைப்பு நகரங்கள் பட்டியலில் 2017-இல் இடம்பிடித்த ஊர் இது. இங்கே நிகழ்ச்சிக்குப் பஞ்சமே இல்லை. எதற்குப் போவது என்று முடிவு செய்வதுதான் கஷ்டம்.

நோட்டுப் புத்தகத்தில் ராகம் குறித்துக்கொண்டு ஒரே நாளில், கச்சேரி நடத்தும் அமைப்புகளான சபாக்கள் மூன்றில் ஏறி இறங்கும் ரசிகர்களுக்கு யாருடைய யோசனையும் தேவையில்லை. நான் எழுதுவது மற்றவர்களுக்கு: முழங்கால் வலியோடு ஒரு அம்மா, எட்டு வயதுப் பிள்ளை, வேலைக்குப் போகும் இரண்டு பேர் என்று இருக்கும் வீடுகளுக்கு. இப்படிப்பட்ட வீட்டில் யார் பாடுகிறார்கள் என்று பார்த்து முடிவெடுத்தால் சரிப்படாது. கூட வருபவர்களால் அங்கே எவ்வளவு நேரம் உட்கார முடியும், முடியாமல் போனால் யாருக்கும் தொந்தரவு இல்லாமல் எழுந்து வர முடியுமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நான் எல்லா இடங்களையும் இந்த அளவுகோலை வைத்துத்தான் ஒப்பிடுகிறேன்.

முதலில் எல்லோருக்கும் நினைவு வரும் இடம், மியூசிக் அகாடமி. 1927-இல் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது அதையொட்டி நடந்த இசை மாநாட்டில் பிறந்த யோசனை, அடுத்த ஆண்டே அமைப்பாக உருவெடுத்தது. இன்று டிசம்பர் 15 முதல் ஜனவரி 1 வரை அங்கே நடப்பதைத்தான் பலரும் ‘சீசன்’ என்றே சொல்கிறார்கள். மாலைக் கச்சேரியின் சுகத்துக்கு ஈடு கிடையாது. நல்ல ஒலியமைப்பு, இரண்டரை மணி நேரம் நிதானமாக விரியும் பாட்டு, பக்கத்து இருக்கையில் தொடையில் தாளம் போடும் யாரோ ஒரு பெரியவர். கச்சேரி கேட்டுப் பழகிய இரண்டு பேர் மட்டும் போவதானால் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் குடும்பத்தோடு என்றால் யோசிக்க வேண்டும். இன்றைய கச்சேரி முறை பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்தது. வர்ணத்தில் தொடங்கி, சின்னக் கீர்த்தனைகள், பெரிய ராகம், தனி ஆவர்த்தனம், கடைசியில் துக்கடாக்கள், மங்களம். புதிதாகக் கேட்பவருக்கும் பிள்ளைக்கும் சட்டென்று பிடிக்கக்கூடியவை அந்தத் துக்கடாக்கள்தான்: ஒரு பாரதியார் பாட்டு, ஒரு காவடிச் சிந்து, ஒரு தில்லானா. அவை வருவதற்குள் மணி ஒன்பதை நெருங்கிவிடும், பிள்ளை மடியில் தூங்கியிருக்கும். நடுவில் எழுந்து போகலாம் என்றால் பாட்டு முடிந்து கைதட்டும் இடைவெளிக்காகக் காத்திருக்க வேண்டும். தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து போகும் பழக்கம் இங்கே நிறையப் பேருக்கு உண்டு. தயவுசெய்து அதைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்காதீர்கள். மிருதங்கமும் கடமும் தனியாகப் பேசிக்கொள்ளும் ஒரே நேரம் அதுதான். உண்மையில் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்து பார்க்கும் பகுதியும் அதுதான்.

கச்சேரி முடிந்து வெளியே வந்தால் வண்டி கிடைப்பது இன்னொரு பாடு. எல்லோரும் ஒரே நேரத்தில் செல்போனைத் தட்டுவார்கள், வாடகை மளமளவென்று ஏறும். ஆழ்வார்ப்பேட்டை, மயிலாப்பூர் பக்கமெல்லாம் மெட்ரோ வேலைக்காகச் சாலையைத் தோண்டிப் போட்டதிலிருந்து ஆட்டோக்காரர்களும் முகம் சுளிக்கிறார்கள். நாலு பேருக்கு டிக்கெட், போக வர வண்டி, நடுவில் காபி டிபன் என்று கூட்டிப் பார்த்தால் நடுத்தர வீட்டுக்கு அது சின்னத் தொகை இல்லை. இவ்வளவு செலவழித்த பிறகு பாதியில் எழுந்து வர மனசு வராது. அந்தப் பிடிவாதத்தில்தான் பல பிள்ளைகளுக்குக் கச்சேரி என்றாலே கசந்துபோகிறது.

இதே சபாக்களில் மதிய நேரத்துக்குப் போய்ப் பாருங்கள், விஷயமே வேறு. பகல் பன்னிரண்டு மணியிலிருந்து சாயங்காலம் நாலு மணி வரைக்கும் நடக்கும் கச்சேரிகளுக்குப் பல சபாக்களில் டிக்கெட் கிடையாது. பாடுவது பெரும்பாலும் இளைஞர்கள். கச்சேரியும் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அரங்கில் பாதி இருக்கைகள் காலியாக இருப்பதால் ஓரமாக உட்கார்ந்துகொண்டு, வேண்டும்போது ஓசைப்படாமல் வெளியே வரலாம். இன்று மாலையில் அரங்கம் நிறைக்கும் கலைஞர்களில் பலர் ஒரு காலத்தில் இந்த மதியக் கச்சேரிகளில் பாடி மேலே வந்தவர்கள். முதல் கீர்த்தனையில் கொஞ்சம் பதற்றமாக இருக்கும் இளம் பாடகர், ராக ஆலாபனையில் மெல்லத் தன்னை மறக்கும் அந்த மாற்றத்தைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம். தேர்ந்த வித்வான்களிடம் அந்த நடுக்கம் எப்போதோ போய்விட்டது.

மதியக் கச்சேரிக்குச் சேர்த்தியாக இருப்பது கேன்டீன். பல சபாக்களில் சாப்பிட டிக்கெட் எடுத்திருக்க வேண்டும் என்று அவசியம் இல்லை, யார் வேண்டுமானாலும் போகலாம். ஒவ்வொரு சீசனிலும் எந்த சபாவில் யார் சமையல் கான்டிராக்ட் எடுத்திருக்கிறார்கள் என்பது, யார் பாடுகிறார்கள் என்பதற்குச் சமமான செய்தி. வாழை இலையில் சாப்பாடு, பக்கத்தில் வாழைப்பூ வடை, கீரை வடை, அசோகா அல்வா, நெய் மிதக்கும் அக்காரவடிசல், அப்புறம் டபராவில் காபி. அம்மாவை உட்காரவைத்து நிதானமாகச் சாப்பிடச் சொல்லலாம், பிள்ளைக்கும் ஏதாவது பிடிக்கும். ஒரு மணிக்கு மேல் பந்திக்காக வரிசை நிற்கும், அதனால் பன்னிரண்டரைக்குள் சாப்பிட்டுவிட்டு அடுத்த கச்சேரிக்கு உள்ளே போவது நல்லது. வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பிவிடலாம், வண்டியும் சாதாரண வாடகைக்குக் கிடைக்கும். ஒரே குறை, வேலை நாளில் இது நடக்காது. பள்ளி அரையாண்டு விடுமுறை டிசம்பர் கடைசி வாரத்தில் வருவதால் அந்த வாரத்தில் ஒரு நாள் லீவு போட முடிந்தவர்களுக்கு இது வாய்ப்பு.

பாட்டின் அர்த்தம் புரிய வேண்டும் என்று கேட்பவர்களுக்குத் தமிழ் இசைச் சங்கம் இருக்கிறது. கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்குக் கடைசியில் மட்டும் இடம் கொடுத்த காலத்தில், அதை எதிர்த்து ராஜா சர் அண்ணாமலை செட்டியார் முன்னின்று 1943-இல் தொடங்கிய அமைப்பு. பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றத்தில் டிசம்பர் விழா நடக்கும். தேவாரப் பண்கள், முத்துத் தாண்டவர், அருணாசலக் கவிராயர், கோபாலகிருஷ்ண பாரதி என்று கச்சேரி முழுவதும் தமிழ். வடசென்னையில் இருப்பவர்கள் இதை விட்டுவிட்டு மயிலாப்பூர் வரை அலைய வேண்டிய அவசியமே இல்லை. உயர் நீதிமன்றம் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் மன்றம் பக்கம்தான்.

நாட்டியம் என்றால் திருவான்மியூர் கலாஷேத்ரா. ருக்மிணி தேவி அருண்டேல் 1936-இல் தொடங்கிய நிறுவனம். கேரளக் கோயில்களில் கூத்து நடக்கும் மண்டபமான கூத்தம்பலத்தைப் பார்த்துக் கட்டிய அரங்கம், சுற்றிலும் ஏக்கர் கணக்கில் மரங்கள். ஆண்டுக் கலைவிழா டிசம்பர் கடைசியில் தொடங்கும். வெளிநாட்டிலிருந்தோ வடநாட்டிலிருந்தோ விருந்தாளி வந்திருந்தால் நான் அவர்களை அழைத்துப் போவது இங்கேதான். இசையின் இலக்கணம் தெரியாதவருக்கும் அந்த இடமே பாதி பேசிவிடும். பிள்ளைகளோடு போவதானால் நிகழ்ச்சி நிரலைப் பார்த்து, தனி ஆட்டம் இருக்கும் நாளை விட்டு நாட்டிய நாடகம் இருக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். பதம், ஜாவளி போன்ற காதல் பாட்டுகளுக்கு ஆடுவதெல்லாம் பெரியவர்கள் ரசிக்கும் விஷயம். ராமாயணம் என்றால் பிள்ளைக்கே கதை தெரியும். அடுத்து யார் வருவார்கள் என்று அது நம் காதில் சொல்லும். போக்குவரத்துதான் சங்கடம். பறக்கும் ரயிலில் திருவான்மியூரில் இறங்கினாலும் அங்கிருந்து ஆட்டோ பிடிக்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் பறக்கும் ரயில் நிலையங்களின் படிகளும் லேசானவை அல்ல.

மாமல்லபுரம் நாட்டிய விழாவையும் பலர் கேட்கிறார்கள். பல்லவர் சிற்பங்களின் பக்கத்தில் ஆட்டம் பார்ப்பது அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் சென்னையிலிருந்து 55 கிலோமீட்டருக்கு மேல். விடுமுறை நாளில் கிழக்குக் கடற்கரைச் சாலை நெரிசலில் போய்த் திரும்பினால் ஒரு மாலை போதாது. இரவு தங்குவதாக இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

இனி கடற்கரை. பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரைக்குப் போக யாருக்கும் காரணம் வேண்டாம். சுண்டல், மிளகாய் பஜ்ஜி, சுட்ட சோளம், பலூன் சுடும் பலகை என்று வருடம் முழுக்க அதுவே ஒரு திருவிழா. பொங்கலை ஒட்டிய நாட்களில் அங்கே கலையும் வந்து சேரும். 2007-இல் தொடங்கி, இடையில் பல ஆண்டுகள் நின்றுபோன சென்னை சங்கமம், 2023-இல் ‘சென்னை சங்கமம் – நம்ம ஊரு திருவிழா’ என்ற பெயரில் அரசு விழாவாகத் திரும்பி வந்தது. பூங்கா, விளையாட்டுத் திடல், கடற்கரை என்று ஊரெங்கும் மேடை போட்டு, கரகம், ஒயிலாட்டம், தேவராட்டம், பொய்க்கால் குதிரை, நையாண்டி மேளம், தெருக்கூத்து என்று தமிழ்நாட்டின் பல மாவட்டக் கலைஞர்களை வரவழைக்கிறார்கள். கட்டணம் கிடையாது.

இங்கே நிகழ்ச்சி தொடங்குவதற்கு அரை மணி முன்னாலேயே போய்விடுங்கள். மேடைக்குப் பின்னால் பறையடிக்கும் கலைஞர்கள் கொஞ்சம் வைக்கோலையும் காகிதத்தையும் கொளுத்தி, பறையின் தோலைத் தீயில் காட்டிக்கொண்டிருப்பார்கள். கடற்கரை ஈரத்தில் தோல் தொய்ந்துபோகும், சூடு ஏற்றினால்தான் விறைக்கும். நடுவில் விரலால் ஒரு தட்டு, மறுபடி தீ, மறுபடி தட்டு. ‘தொம்’ என்று இருந்த சத்தம் ‘டங்’ என்று மாறும்வரை விடமாட்டார்கள். பிள்ளைகளை அந்தத் தீயைச் சுற்றி நிற்கவையுங்கள். கேட்டால் குச்சியைக் கையில் கொடுத்து அடித்துப் பார்க்கவும் சொல்வார்கள். இந்த நெருக்கம் எந்தச் சபாவிலும் கிடைக்காது. கடற்காற்றில் வீணை கரைந்துவிடும். பறைக்கும் நாகஸ்வரத்துக்கும் தவிலுக்கும் வெட்டவெளிதான் சொந்த வீடு.

பெசன்ட் நகருக்கு இன்னொரு கதையும் உண்டு. கடற்கரையின் வடக்கு ஓரத்தில் ஊரூர் ஆல்காட் குப்பம் என்ற மீனவர் ஊர் இருக்கிறது. 2015-இல் அந்த ஊர்க்காரர்களோடு சேர்ந்து பாடகர் டி.எம். கிருஷ்ணா, சூழலியல் ஆர்வலர் நித்தியானந்த் ஜெயராமன் போன்றோர் அங்கே ஒரு விழா தொடங்கினார்கள். படகுகளும் வலைகளும் கிடக்கும் இடத்தில் கர்நாடக இசை, பரதம், பறையாட்டம் எல்லாம் ஒரே மேடையில். எந்தக் கலை எந்தத் தெருவுக்குச் சொந்தம் என்ற கேள்வியை அந்த விழா ஊர் நடுவே கொண்டுவந்து வைத்தது. டிசம்பர் கலை என்றாலே நாலைந்து தெருக்களுக்குள் சுற்றுவது என்று ஆகிவிட்ட இந்த ஊருக்கு அந்தக் கேள்வி அவசியம் தேவை என்று நினைக்கிறேன். நம் பிள்ளைகள் பறையையும் மிருதங்கத்தையும் ஒரே வருடத்தில் கேட்டு வளர வேண்டும்.

கடற்கரையின் சிரமங்களையும் சொல்லிவிடுகிறேன். கழிப்பறை போதாது. பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் இது சாதாரண விஷயமில்லை, கிளம்பும் முன்பே யோசிக்க வேண்டியது. மணலில் நடப்பது முழங்காலுக்கு ஆகாது, அதனால் அம்மாவோடு போனால் நடைபாதை ஓரத்திலேயே நிற்கும்படி இருக்கும். முன்வரிசை நாற்காலிகள் சீக்கிரம் நிரம்பிவிடும். காணும் பொங்கலன்று மட்டும் போகாதீர்கள். அன்றைக்குக் கடற்கரைகளில் காவல் துறையே பிள்ளைகளின் கையில் பெற்றோரின் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டிவிடும் அளவுக்குக் கூட்டம். மழையைப் பற்றிக் கவலை குறைவு. வடகிழக்குப் பருவமழை டிசம்பர் முதல் பாதி வரைதான் ஆட்டிப்படைக்கும், 2015 வெள்ளமும் 2023 மிக்ஜாம் புயலும் டிசம்பர் முதல் வாரத்தில்தான் வந்தன. பொங்கல் சமயத்தில் மழை அநேகமாக ஓய்ந்திருக்கும். பனி மட்டும் இறங்கும், அம்மாவுக்கும் பிள்ளைக்கும் காதை மூட ஏதாவது எடுத்துப் போங்கள்.

சபாவுக்கும் கடற்கரைக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது. குடும்பத்தோடு போக ஒரே ஒரு இடம் சொல் என்றால் நான் சொல்வது அதைத்தான். ஜனவரி தொடக்கத்தில் நாலு நாள் நடக்கும் மயிலாப்பூர் விழா. கபாலீஸ்வரர் கோயிலைச் சுற்றிய மாட வீதிகளும் பக்கத்துப் பூங்காவும்தான் அரங்கம். கீர்த்தனைகள் இயற்றிய பாபநாசம் சிவன் மார்கழி விடியலில் பஜனை பாடிக்கொண்டு வலம்வந்த அதே வீதிகள்.

வார இறுதியில் வடக்கு மாட வீதியில் கோலப் போட்டி நடக்கும். போக்குவரத்தை நிறுத்தி, தெருவில் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம் கொடுப்பார்கள். பாட்டிகள், கல்லூரிப் பெண்கள், வேட்டியை மடித்துக் கட்டிய சில ஆண்களும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் மாவு வழுகி விழும் வேகத்தைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். புள்ளி வைக்கும்போது கை நிற்காது, ஒரு வரிசை முடிந்ததும் கண்ணாலேயே எண்ணிவிட்டு அடுத்த வரிசை. சிக்குக் கோலத்தில் கோடு ஒவ்வொரு புள்ளியையும் சுற்றிக்கொண்டு கிளம்பிய இடத்துக்கே வந்து சேரும்வரை, பார்க்கிற பிள்ளைகள் மூச்சுக்கூட விடாது. தார்ச்சாலையின் கறுப்பில் அந்த வெள்ளை எடுப்பது வீட்டு வாசலில்கூட இருக்காது.

பாட்டு, நாட்டுப்புறக் கலை, பல்லாங்குழி தாயம் போன்ற பழைய விளையாட்டுகள், தெருக்களின் கதை சொல்லும் நடை என்று மற்றவையும் உண்டு, எல்லாம் எட்டிப் பிடிக்கும் தூரத்தில். ஒன்று பிடிக்கவில்லையா, நடந்துகொண்டே அடுத்ததற்குப் போய்விடலாம். பசித்தால் மாட வீதியில் டிபனுக்கா குறை? கால் வலித்தால் அம்மா கோயிலுக்குள் போய் மண்டபத்தில் உட்கார்ந்துகொள்வார். கூட்டத்தில் நின்று பார்க்கும்படிதான் இருக்கும் என்பது உண்மை, ஆனால் எந்த நேரத்தில் கிளம்பினாலும் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. பஸ் வசதிக்கும் குறைவில்லை. பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி உட்படப் பல பஸ்கள் மயிலாப்பூர் வழியாகப் போகின்றன. 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் அம்மாவும் மகளும் கையில் காசே எடுக்காமல் போய்வரலாம்.

வீட்டை விட்டு வெளியே வரவே முடியாதவர்களுக்கு இணையம் இருக்கிறது. 2020-இல் கொரோனா காலத்தில் சபாக்கள் கச்சேரிகளை இணைய வழியில் கொடுக்கத் தொடங்கின, சில இன்றும் கட்டணம் வாங்கிக்கொண்டு அதைத் தொடர்கின்றன. படுக்கையில் இருக்கும் ஒரு ரசிகருக்கு அது பெரிய வரம். நடமாட முடிகிறவர்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். குக்கர் விசிலுக்கு நடுவே கல்யாணி ராகம் கேட்பது யாருக்கும் நிறைவு தராது.

ஆக, உங்கள் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து முடிவு மாறும். பாட்டில் பிரியமுள்ள பெரியவர் கூட இருந்தால், விடுமுறை வாரத்தில் மதியக் கச்சேரியும் கேன்டீன் சாப்பாடும். கணவன் மனைவி இரண்டு பேர் மட்டும் என்றால் அகாடமி மாலைக் கச்சேரி, ஓரத்து இருக்கையாகப் பார்த்து வாங்குங்கள். விருந்தாளிக்குக் கலாஷேத்ரா. ‘கலை எல்லாம் நமக்கு எதுக்கு’ என்று சொல்லும் ஆள் வீட்டில் இருந்தால், அவரைப் பொங்கலுக்குப் பெசன்ட் நகர் கூட்டிப்போய்ப் பறைக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். எல்லா வயதும் கலந்த குடும்பம் என்றால் மயிலாப்பூர்தான், அதுவும் கோலப் போட்டி இருக்கும் நாள். கிறிஸ்துமஸ் முடிந்ததும் அந்த வருடத்து நிகழ்ச்சி நிரலைத் தேடிப் பார்த்து நாளைக் குறித்துவையுங்கள். மதியம் சாப்பிட்ட கையோடு கிளம்பிவிட வேண்டும். வெயில் தாழட்டும் என்று காத்திருந்தால் நீங்கள் போய்ச் சேர்வதற்குள் பாதிக் கோலம் முடிந்திருக்கும், முன்னால் நிற்கவும் இடம் கிடைக்காது.